காரைக்குடிப் பக்கம் பாட்டுக்குழு சேர்க்க ஆள் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் பக்கத்துக் குழுக்களில் பல வருடமாகக் கிடார் வாசிக்கிறேன். "அண்ணே, ஒரு பேண்ட் ஆரம்பிக்கணும், ஆள் கிடைக்குமா?" என்று போனில் கேட்கிற தம்பிகளுக்கு ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

செட்டிநாட்டில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களா? எல்லாரும் சென்னைக்குப் போய்விட்டார்கள் என்கிறார்களே?

போனவர்கள் போனார்கள்தான். அது இன்று நேற்றுக் கதை இல்லை. 1890-இல் இங்கே அரியக்குடியில் பிறந்த கர்நாடகப் பாடகர் ராமானுஜ ஐயங்கார் பெயர் வாங்கியது சென்னை மேடைகளில். கிராமபோன் தட்டு வியாபாரத்தில் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940களில் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' இந்த ஊரில் எடுத்த படம். அப்புறம் அந்த ஸ்டூடியோவும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன், சித்திரை, வைகாசி வாக்கில் கொப்புடையம்மன், நடுவில் சுற்றுப்பட்டு ஊர்த் திருவிழாக்கள், முகூர்த்த நாட்கள் என்று மேடை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மேடைகளில் வாசிப்பவர்கள் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. போஸ்டரில் குழுவின் பெயர்தான் மாறும். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம் அனேகமாக ஒன்றாகவே இருக்கும். அந்த முகத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

நான் 'பேண்ட்' என்று சொன்னால் கல்யாண ஊர்வலத்துக்கா என்று கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?

இங்கே பேண்டு என்றால் மாப்பிள்ளை அழைப்பில் டிரம்பெட் ஊதிக்கொண்டு போகும் பேண்டு செட்தான். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. சினிமாப் பாட்டு பாடும் குழு என்றால் 'ஆர்கெஸ்ட்ரா', 'லைட் மியூசிக்' என்று சொல்லுங்கள், உடனே புரியும். சொந்தப் பாட்டு என்றால் "சொந்தமா டியூன் போட்டு வாசிக்கிறோம், சும்மா ஒரு நாலு பேர்" என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

இதை வெறும் பெயர்ப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவருக்கு அது சம்பாத்தியம். அவர் 'டேட்' கணக்கில் வாழ்கிறவர். இந்த மாதம் எத்தனை டேட், எந்த ஊர், எவ்வளவு. சொந்தப் பாட்டுக் குழுவுக்கு அவரைக் கூப்பிட்டால், "பிராக்டிஸுக்குக் காசு உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்பது நியாயம். உங்களுக்கு வேண்டியது சம்பாதிக்கும் குழுவா, ஆசைக் குழுவா என்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் குழப்பினால் மூன்றாவது வாரமே மனஸ்தாபம்.

சரி, எங்கே போய்த் தேடுவது?

மேடைக்குப் பின்னால். வேறு எங்கேயும் இவ்வளவு பேரை ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

கச்சேரிக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குப் போய், பாட்டு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் ஐந்து மணிக்குப் போங்கள். டெம்போவிலிருந்து பாக்ஸ் இறங்கும், மைக் செட்காரர் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பார், கீபோர்டுக்காரர் ஸ்டாண்டை விரித்துவிட்டு டீக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எல்லாரும் பேசுவார்கள். வாசித்து முடித்ததும் பேசப் போனால் தூக்கமும் பசியும்தான் பதில் சொல்லும்.

நான் முதல் குழுவில் சேர்ந்ததே அப்படித்தான். அப்போது எனக்குக் கிடாரில் நாலு கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் நாலு பிடிதான் தெரியும். மேடைக்குப் பக்கத்தில் சும்மா நின்றவனிடம் மைக் செட் அண்ணன் ஒரு ஒயரைத் தந்து "சுத்து தம்பி" என்றார். நான் கயிறு சுற்றுவது மாதிரி முழங்கையில் போட்டுச் சுற்றினேன். பிடுங்கிக்கொண்டார். "கையில சுத்தினா உள்ளே முறுக்கிக்கும், அடுத்த தடவை இழுக்கும்போது அறுந்துரும். ஒரு வளையம் நேரா, ஒரு வளையம் உள்பக்கமா மடக்கி விடு" என்று செய்து காட்டினார். அன்று ராத்திரி பன்னிரண்டு ஒயர் சுற்றினேன். அடுத்த வாரம் அவரே போன் செய்து, கிடார்க்காரர் வரவில்லை, உனக்குத் தெரியும்தானே என்றார். தெரியாது; ஆனாலும் போனேன்.

இதில் சொல்ல வருவது என்னவென்றால், இந்த ஊரில் யார் வாசிக்கிறார், யார் குடித்துவிட்டு வருகிறார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தெரிந்த மனிதர் மைக் செட்காரர்தான். எல்லாக் குழுவுக்கும் அவர்தான் போகிறார். அவரோடு பழக்கம் வைத்துக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

அடுத்தது சர்ச். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுக்களில் கீபோர்டும் பேஸ் கிடாரும் வாசிக்கும் பையன்கள் இருப்பார்கள். வாரா வாரம் வாசிப்பதால் கை ஓடும், பாடகருக்குத் தகுந்தபடி ஸ்கேல் மாற்றத் தெரியும். டிசம்பரில் மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். கேரல் ரவுண்டில் இருப்பார்கள்.

அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சுற்றியுள்ள கல்லூரிகளும் இன்னொரு இடம். கல்ச்சுரல்ஸ் நாளில் போய்ப் பாருங்கள். ஆனால் கல்லூரிப் பையன்களை நம்பிக் குழு கட்டினால் மூன்று வருடத்தில் கலையும், தேர்வு மாதத்தில் படுத்துவிடும். இதைத் தெரிந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி படித்தவர் வேண்டும் என்றால் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அங்கே படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் பலர் கோயில் வேலையிலோ டியூஷனிலோ இருப்பார்கள். ஆசிரியரிடம் மரியாதையாகப் போய்க் கேட்டால் பெயர் சொல்வார்.

அப்புறம், தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம். காவடிச் சிந்தை மைக் இல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் பாடிக்கொண்டே போகிற குரல்கள் அதில் உண்டு. குன்றக்குடியில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். அந்த அண்ணன்களை மேடைக்குக் கூட்டிவருவது கஷ்டம், விரதம் முடிந்தால் கடையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் ஒருவர் வந்தாலும் போதும்.

வாட்ஸ்அப்பில், இன்ஸ்டாகிராமில் போட்டால் கிடைக்காதா?

கிடைக்கும், பாடகர்கள் மட்டும். "குழுவுக்கு ஆள் தேவை" என்று போட்டால் பத்துக்கு எட்டுப் பேர் பாடுகிறேன் என்பார்கள், கரோக்கியில் பாடிய பதிவோடு. பேஸ் வாசிக்கிறேன் என்று ஒருவர் வந்தால் விட்டுவிடாதீர்கள்.

போடுவதானால் வேண்டியதை எழுதுங்கள். எந்த வாத்தியம், எந்த ஊரில் பயிற்சி, வாரத்தில் எந்த நாள், காசு உண்டா இல்லையா, எந்த மாதிரிப் பாட்டு. "இசை ஆர்வலர்கள் தொடர்பு கொள்ளவும்" என்று மொட்டையாகப் போட்டால் ஆர்வலர்கள்தான் வருவார்கள்.

ட்ரம்மர் கிடைக்கவே இல்லை. என்ன செய்வது?

எங்கேயும் கிடைப்பதில்லை. முழு செட் விலை அதிகம், வைக்க இடம் வேண்டும், வாசித்தால் தெருவே எழுந்து வரும். அதனால் இந்தப் பக்கம் 'பேட்' என்ற எலக்ட்ரானிக் தட்டு வாசிக்கிறவர்கள்தான் அதிகம். ரிதம் பேடை ஒரு பையில் போட்டு டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்துவிடுவார்கள். டோலக்கும் தபேலாவும் வாசித்துப் பழகிய கை பேடில் உட்கார்ந்தால் நம் பாட்டுக்கு அது அழகாகவே பொருந்தும். ஆறு மாதம் ட்ரம்மருக்காகக் காத்திருப்பதைவிட ஒரு பேட்காரரோடு அடுத்த ஞாயிறே ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் சந்திக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மூன்று பாட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இரண்டு, கொஞ்சம் சிரமமானது ஒன்று. சொன்ன பாட்டைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள், கை எவ்வளவு வேகம் என்பது அப்புறம்.

ஸ்ருதிப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள். கீபோர்டுக்காரர் 'சி' என்பார், பழைய ஆர்மோனியக்காரர் 'ஒரு கட்டை' என்பார், இரண்டும் ஒன்றுதான். டி என்றால் இரண்டு கட்டை, ஜி என்றால் ஐந்து. கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை மட்டும் கிடையாது. "மூன்றரைக் கட்டையில் பாடுவேன்" என்று ஒருவர் தெம்பாகச் சொன்னால் சிரிக்காமல் பாடச் சொல்லிப் பாருங்கள். நன்றாகப் பாடுகிறவராகவும் இருக்கலாம்.

பயிற்சிக்கு இடம்?

செட்டிநாட்டில் வீட்டுக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். எங்கள் குழுவும் அப்படித்தான் நினைத்தது. நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு, தெருவுக்குத் தெரு நீளம், வருடத்தில் பத்து நாள்தான் திறப்பார்கள். முகப்பைத் தாண்டி, வளவு என்கிற உள்முற்றத்தில் ஜமாவைப் போட்டோம். முதல் பாட்டில் பேட்காரர் ஒரு அடி அடித்தார். அந்த அடி ஆத்தங்குடிக் கல் தரையில் பட்டு, வழவழவென்ற சுண்ணாம்புச் சுவரில் பட்டு, மரத்தூணெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் இரண்டாவது அடி விழுந்துவிட்டது. யார் எந்தத் தாளத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. தனியாக ஒரு வீணையை அங்கே வைத்து வாசித்தால் சொர்க்கமாக இருந்திருக்கும். ஐந்து பேர் ஸ்பீக்கரோடு என்றால் நரகம்.

தப்பித்த வழியைச் சொல்கிறேன். வளவை விட்டு, சாமான் போட்டுவைக்கும் இரண்டாங்கட்டு அறை ஒன்றுக்குப் போனோம். தரையில் ஜமுக்காளம், இரண்டு சுவரில் பழைய மெத்தைகள், மூலையில் நெல் மூட்டை. சத்தம் அடங்கிவிட்டது. மெத்தையை ஆச்சி திரும்பக் கேட்டபோதுதான் சிக்கல்.

இன்னொன்று, யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். பெரிய வீடுகள் ஒருவர் பெயரில் இருப்பதில்லை, பங்காளிகள் பலருக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் சரி சொன்னால் போதாது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பங்காளிக்கு வீடியோ போய், "நம்ம வீட்டுல யாரு கொட்டடிக்கிறது?" என்று போன் வந்து எங்கள் பயிற்சி நின்றது. முன்னாலேயே எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

வேறு இடங்கள்: முகூர்த்தம் இல்லாத நாளில் சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், டியூஷன் சென்டரின் மாடி, தோட்டத்து மோட்டார் ரூம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபமும் காலி, கலைஞரும் காலி. புதுப் பாட்டுச் சேர்க்க அதுதான் நேரம்.

நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி வாசிக்கிறவர்களைக் குழுவில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் 'சேர்க்கிறோம்' என்ற நினைப்போடு போகாதீர்கள். அவர்கள் வாசிப்பு நம்முடையதைவிட நாலு மடங்கு பழையது.

நடைமுறையில் முதல் தடை ஸ்ருதி. நாதஸ்வரத்தை நம் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. இப்போது பரவலாக இருப்பது இரண்டு, இரண்டரைக் கட்டை வாக்கில் இருக்கும் பாரி நாயனம் என்ற நீள நாதஸ்வரம். வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஸ்ருதி சேர்ப்பார்கள், அவ்வளவுதான் வழி. அதனால் நாம்தான் அவரிடம் போக வேண்டும். கிடாரில் முதல் கட்டத்தில் கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்தும் கிளிப், போட்டு டி பிடித்தால் இரண்டரைக் கட்டை வந்துவிடும். கீபோர்டில் ஒரு பட்டன். பாடகருக்கு அந்த ஸ்கேல் ஒத்துவராது என்றால் பாட்டை மாற்றுங்கள், நாயனக்காரரை நெருக்காதீர்கள்.

இரண்டாவது சத்தம். வலது விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழியோடு தவில்காரர் உட்கார்ந்துவிட்டால் சின்ன இடத்தில் அவருக்கு மைக்கே வேண்டாம். பேட்காரரை அந்தப் பாட்டில் கைகட்டி உட்காரச் சொல்லுங்கள். இரண்டு தாளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் கேட்கிறவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

காரைக்குடியில் பிறந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணி ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தவர். நம் வாத்தியம் வெளியார் கூட ஒட்டாது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். 2023-இல் காலமாகிவிட்டார்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் என்றால் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லை என்றால் விண்ணப்பம் போட உதவுங்கள். அது குழு விஷயம் இல்லை, மனுஷத்தனம்.

காசு எப்படிப் பிரிப்பது?

மேடை ஏறும் முன் பேசிவிடுங்கள். இறங்கியபின் பேசினால் பேச்சு இல்லை, சண்டை.

எங்கள் வழக்கம் இது: வண்டி, டீசல், சாப்பாடு முதலில் கழியும். மீதியில் ஆளுக்கு ஒரு பங்கு, சாமான் வைத்திருப்பவருக்கு இன்னொரு அரைப் பங்கு. பெண் பாடகிக்குத் துணைக்கு வருபவரின் பயணச் செலவு குழுக் கணக்கு. கணக்கை எல்லாரும் பார்க்கும்படி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறோம். பழைய முறைதான், ஆனால் அந்த நோட்டால் இதுவரை எங்களுக்குள் காசுச் சண்டை வந்ததில்லை.

வெளியாரோடு வந்தது. ஒரு ஊர்த் திருவிழாவில் அட்வான்ஸ் வாங்காமல், வாய் வார்த்தையை நம்பிப் போனோம். கச்சேரி முடிந்ததும் பொறுப்பாளர் பாதியைக் கையில் வைத்து "வசூல் வரலை தம்பி, கோயில் காரியம்தானே" என்றார். அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் எதிர்த்துப் பேச முடியுமா? டீசல் காசு போக ஆளுக்கு ஒரு பரோட்டா செட் மிஞ்சியது. அதிலிருந்து பாதி அட்வான்ஸ், மீதி மேடை ஏறும் முன் என்று வைத்துவிட்டோம். அப்படிக் கேட்டதால் கைநழுவிய டேட்டுகளும் உண்டு.

சொந்தப் பாட்டை எங்கே பாடுவது? திருவிழாவில் யாரும் கேட்கமாட்டார்களே?

கேட்கமாட்டார்கள், உண்மைதான். நடுவில் ஒன்று செருகலாம். இதற்கு அரியக்குடியாரிடமே பாடம் இருக்கிறது. இன்று கர்நாடகக் கச்சேரிக்கு இருக்கும் அமைப்புக்கு அவர்தான் வடிவம் கொடுத்தார் என்பார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சின்னக் கீர்த்தனைகள், ஆள் சூடானதும் விரிவான ராகம், கடைசியில் லேசான துக்கடாக்கள். அதே கணக்கில் பத்து நிமிடம் தெரிந்த பாட்டைக் கொடுத்துவிட்டு, கூட்டம் உட்கார்ந்ததும் உங்கள் பாட்டை வையுங்கள். எட்டு நிமிடப் பாட்டு வேண்டாம், மூன்று நிமிடம்.

முழுக்கச் சொந்தப் பாட்டு என்றால் கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து கேட்பார்கள். மேளம் குறைவாக, மைக்கும் குறைவாக இருந்தால்தான் அங்கே எடுபடும்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

திறந்தவெளியில் மைக் கட்டினால் போலீஸ் அனுமதி வேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவர் வாங்க வேண்டியது அது, ஆனால் கடிதத்தை நீங்களும் கண்ணால் பார்த்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக அரசு வருடத்தில் 15 நாள் வரை 12 மணி வரை தளர்த்தலாம். "நம்ம ஊர்ல யாரு கேக்குறா" என்று சொல்கிற பொறுப்பாளர், ஜீப் வந்து நின்றால் மேடைப் பக்கமே வரமாட்டார்.

சினிமாப் பாட்டின் உரிமை பற்றியும் கேட்கிறார்கள். சமயச் சடங்குக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. டிக்கெட் வைத்தோ ஹோட்டலிலோ பாடினால் உரிமம் தேவைப்படும். அந்தப் பொறுப்பு நடத்துகிறவருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பெண் நன்றாகப் பாடுவாள். குழுவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம்.

யோசிப்பது சரிதான். குழுவில் ஏற்கெனவே வேறு பெண்கள் இருக்கிறார்களா, பயிற்சி பகலில் நடக்கிறதா, கச்சேரி முடிந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டு பயிற்சிக்கு நீங்களும் போய் உட்காருங்கள். அதற்கு முகம் சுளிக்கிற குழு உங்களுக்கு வேண்டாம். எங்கள் குழுவில் பாடகியின் அப்பத்தா ஒருவர் வருவார், வெற்றிலைப் பெட்டியோடு. ஸ்ருதி விலகினால் அவர்தான் முதலில் நிமிர்ந்து பார்ப்பார்.

குழுவில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை. என்ன செய்ய?

காரைக்குடி சகோதரர்கள் என்று வீணையில் பெயர் எடுத்த இருவர், சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும். அண்ணன் வீணையை நெட்டாக நிறுத்திப் பிடித்து வாசிப்பார். தம்பி வழக்கம்போல் படுக்கை வாக்கில் வைத்து வாசிப்பார். ஒரே மேடையில் இப்படி ஆளுக்கொரு விதமாக வாசித்தும் சேர்ந்துதான் பெயர் வாங்கினார்கள். அவர்கள் உடன்பிறந்தவர்கள், உங்கள் கீபோர்டுக்காரரும் கிடார்க்காரரும் அப்படியில்லை. ஒரு டேட்டுக்கு ஒருவர், அடுத்ததற்கு மற்றவர் என்று மாற்றிக் கூப்பிட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஒருவரை அனுப்பிவிட வேண்டியதுதான், போனில் சொல்லாமல் நேரில் சொல்லி.

குழுவுக்கு என்ன பெயர் வைப்பது?

ஊர்ப் பெயரைச் சேர்த்து வையுங்கள். பொறுப்பாளர்கள் நோட்டில் "காரைக்குடி பார்ட்டி", "புதுவயல் பார்ட்டி" என்றுதான் எழுதுவார்கள், நீங்கள் எவ்வளவு நாகரிகமாகப் பெயர் வைத்தாலும். போஸ்டரில் பெயரைவிட போன் நம்பர் பெரிதாக இருக்கட்டும். யாருடைய நம்பர் என்பதை அச்சடிக்கக் கொடுக்கும் முன் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்கள் பழைய குழு அந்த நம்பரில்தான் உடைந்தது.